ஆடிப் பதினெட்டும் ஒரு மூட்டை விதைநெல்லும்

தஞ்சாவூரிலிருந்து திருவையாறு 13 கிலோமீட்டர். அதற்கு ஓர் ஆட்டோக்காரர் என்னிடம் கேட்டது 700 ரூபாய்! ஆடிப் பதினெட்டு என்பதால் அப்படித்தான் என்றார். ஊரே ஆற்றைக் கும்பிடப் போகும் நாளில் இப்படிக் கறப்பது அநியாயம். விடுதியிலும் வழக்கமான வாடகைக்கு மேல் வாங்கிவிட்டிருந்தார்கள். கையில் இருந்த காசுக்குப் பஸ்தான் சரி என்று ஏறிக்கொண்டேன். படிக்கட்டு வரை கூட்டம். என் விலாவில் யாரோ ஒருவரின் முளைப்பாரிச் சட்டி இடித்துக்கொண்டே வந்தது. முளை ஒடிந்துவிடக் கூடாதே என்று நானும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன்.

புஷ்ய மண்டபப் படித்துறையில் இறங்கியதும் எல்லாக் கோபமும் போய்விட்டது. காவிரி கரை தொட்டு ஓடுகிறது. மஞ்சளில் பிள்ளையார் பிடித்து, காதோலை கருகமணி, வளையல், பழம் எல்லாம் வைத்துப் பெண்கள் படைக்கிறார்கள். சிறுவர்கள் சப்பரம் இழுக்கிறார்கள். காவிரித் தாய் சூல்கொண்டிருக்கிறாள், மசக்கைக்கு வாய்க்கு ருசியாகக் கேட்பாள் என்பது இங்குள்ள நம்பிக்கை. அதனால்தான் புளிப்பும் இனிப்புமாக இத்தனை சித்திரான்னம். ஆனால் படையலைக் கரைத்துவிட்டு அந்தப் பிளாஸ்டிக் பையையும் ஆற்றிலேயே வீசுகிறார்களே, அதை மட்டும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. சூல்கொண்ட தாய்க்கா அதைக் கொடுப்பது?

என் கையில் காப்பரிசியைக் கொட்டிய ஓர் அம்மா, எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். பேச்சு வளர்ந்தது. இன்றைக்கு நாற்றங்காலில் விதை விடுகிறோம், சாப்பிட்டுவிட்டுப் போகலாம் வாருங்கள் தம்பி என்று அவர் கணவர் கூப்பிட்டார். தில்லைஸ்தானம் தாண்டி ஒரு சிற்றூர்.

இந்தப் பயணம் எனக்கு எதற்காக வாய்த்தது என்றால் அந்த வயலுக்காகத்தான். பெரியவர் சேற்றில் இறங்கினார். சனி மூலையில் சாணிப் பிள்ளையார் பிடித்து வைத்து, அறுகம்புல் செருகி, கற்பூரம் ஏற்றினார். பிறகு சாக்கைப் பிரித்தார். முளைகட்டிய விதைநெல், சி.ஆர். 1009 என்னும் ரகம், ஏறத்தாழ ஐந்து மாதப் பயிர். உள்ளே கையை விடச் சொன்னார். நல்ல சூடு! ஒவ்வொரு நெல்லின் நுனியிலும் ஊசிமுனை அளவுக்கு வெள்ளை முளை. கிழக்கே பார்த்துக் கும்பிட்டு முதல் கை விதையை வீசினார். ஒரு சொல் பேசவில்லை.

தண்ணீர் கடைசிவரை வருமா ஐயா என்று கேட்டேன்.

"வருமா என்று பார்த்துக்கொண்டிருந்தால் விதைக்க முடியாது தம்பி. விதைத்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும்."

வாய்ச்சொல்லாக அவர் இதைச் சொல்லவில்லை. 2023-இல் மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-ஆம் தேதி திறந்தும் டெல்டாவில் குறுவை என்னும் குறுகிய காலப் பயிர் பல இடங்களில் கருகியது. மறு ஆண்டு அணை திறந்ததே ஜூலை 28-இல். கீழ்வேளூர்ப் பக்கம், ஆற்று நீர் கடைசியாக வந்து சேரும் கடைமடையில் இருக்கும் அவருடைய தங்கை வீட்டில் முதலுக்கே மோசம். அப்படியும் அந்தக் குடும்பம் சம்பாவுக்கு உழுதது. இவருக்கு பம்புசெட் இருக்கிறது, பக்கத்து வயல்காரருக்கு இல்லை. முறை வைத்து விடும் தண்ணீர் வந்தால் வாய்க்கால் மடையை முதலில் அந்தப் பக்கத்து வயல்காரருக்குத்தான் திறந்துவிடுகிறார். ஏன் என்று கேட்டால் பெரியவருக்குக் கேள்வியே புரியவில்லை. இப்படிக் கும்பிட்டு விதைப்பதையெல்லாம் மூடநம்பிக்கை என்று நகரத்தில் உட்கார்ந்து பேசுகிறவர்கள் ஒரு நாள் இங்கே வந்து சேற்றில் நிற்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஐந்து மாதத்தை நம்பிக் கையில் இருக்கும் நெல்லை மண்ணில் போடுகிறவருக்கு, பிறருக்குக் கொடுப்பதும் இயல்பாகிவிடுகிறது. எனக்கு அப்படித்தான் தோன்றியது.

சாப்பாடு! தலைவாழை இலையில் புளிச்சோறு, தேங்காய்ச் சோறு, எலுமிச்சைச் சோறு, தயிர்ச்சோறு, மோர்மிளகாய், வடாம். புளிச்சோற்றில் எள்ளை வறுத்துப் பொடித்துப் போட்டிருந்தார் அந்த அம்மா; மூன்றாம் முறையும் கேட்டு வாங்கினேன். பணத்தை நீட்டியதும் முகம் சுருங்கிவிட்டது. எடுத்து உள்ளே வைத்துக்கொண்டேன்.

கடவுளிடம் எதையும் கேட்காத அந்த மனிதர் அரசின் நெல் கொள்முதல் நிலையத்தைப் பற்றிப் பேசும்போது கொதித்துப் போனார். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று திருப்பி அனுப்புவார்களாம். காயவைக்கக் களம் இல்லை. திறந்த வெளியில் அடுக்கிய மூட்டை மழையில் நனையும். காவல் காக்க மூட்டை மேலேயே படுத்திருக்கிறார். நியாயமான கோபம். கூரை போட்ட கிடங்கும் உலர்த்த இடமும் ஒன்றியத்துக்கு ஒன்றிரண்டு கட்ட அரசிடம் பணம் இல்லையா என்ன?

செலவுக் கணக்கு எழுதுவதாக இருந்தேன், இடம் போய்விட்டது. போகிறவர்கள் காலை ஏழு மணிக்குள் படித்துறையில் இருங்கள், பிறகு கால் வைக்க இடம் இருக்காது. திருவையாற்றில் அசோகா சாப்பிடாமல் திரும்பாதீர்கள்; பாசிப்பருப்பில் கிண்டிய அதைச் சூடாக இலையில் வைத்துத் தருவார்கள், விலையும் அதிகமில்லை.