காற்றாலை மாதிரி செய்ய வரும் பிள்ளைகளுக்கு வழிகாட்டுவோருக்கு

காற்றாலைகள் நிறைந்த ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கத்துப் பிள்ளைகள் அறிவியல் கண்காட்சி என்றதும் காற்றாலைதான் செய்ய வருவார்கள். செய்யட்டும். இறக்கைகளைக் கார்க்கில் செருகி, கார்க்கைப் பொம்மை மோட்டாரின் அச்சில் மாட்டினால், காற்றில் மோட்டார் சுற்றி மின்சாரம் தரும். ஆனால் வெறும் மாதிரியோடு நிற்காமல் ஒரு கேள்வி இருக்க வேண்டும்: இறக்கையின் சாய்வு மாறினால் மின்னழுத்தம் எவ்வளவு மாறும்?

பலரும் தடுக்கி விழுவது அந்த மின்சாரத்தில் எல்.இ.டி. விளக்கை எரிய வைக்கப் பார்ப்பதில்தான். பொம்மை மோட்டாரை இப்படிச் சுற்றினால் பெரும்பாலும் 1 வோல்ட்கூடத் தேறாது, சிவப்பு எல்.இ.டி.க்கே ஏறக்குறைய 1.8 வோல்ட் வேண்டும். விளக்கு எரியாததும் பிள்ளை முகம் வாடிவிடும், பாவம். எல்.இ.டி.யை விட்டுவிட்டு மின்னழுத்தம் அளக்கும் மல்டிமீட்டரை 2 வோல்ட் டி.சி. (நேர்மின்னோட்டம்) அளவில் வைத்து அளக்கச் சொல்லுங்கள்.

டேபிள் ஃபேன் 1 மீட்டர் தூரத்தில், ஒரே வேகத்தில். அட்டை இறக்கை 3. சுழலும் தளத்திலிருந்து சாய்வு 15, 30, 45 டிகிரி. ஒவ்வொன்றுக்கும் 3 முறை அளந்து சராசரி. ஆடிக்காற்றில் வெளியே வைத்து அளக்க வேண்டாம், வேகம் நொடிக்கு நொடி மாறும்.

எண்கள் தாறுமாறாக வந்தால் முதலில் கார்க்கைப் பாருங்கள். துளை பெரிதாகி அச்சில் வழுக்கும். புதுக் கார்க் போடுங்கள். கார்க்கை ஒட்டப் போடும் பசை மோட்டாருக்குள் இறங்கினால் அச்சு இறுகிவிடும். ஆனால் எதிர்பாராத எண் வந்தால் அதைப் பிள்ளை அழிக்க விடாதீர்கள். அது நோட்டில் அப்படியே இருக்கட்டும், காரணத்தைப் பக்கத்திலேயே எழுதட்டும்.