9 லட்சத்துல இருந்து 7.2 லட்சம்: சம்பளம் குறைஞ்ச வேலைக்கு நான் ஓகே சொன்ன கணக்கு

2025 பிப்ரவரியில எனக்கு வேலை போச்சு. ஒரகடம் பக்கம் கார் பார்ட்ஸ் பண்ற கம்பெனியில ஆறு வருஷம் குவாலிட்டில இருந்தேன், கடைசியா டெபுடி மேனேஜர். பெரிய கஸ்டமர் ஒருத்தர் ஆர்டரைக் குறைச்சதும் எங்க டிபார்ட்மெண்ட்ல நாலு பேரைக் கூப்பிட்டு, நீங்களே ரிசைன் லெட்டர் குடுத்துடுங்க, ரெண்டு மாச சம்பளம் தர்றோம்னு சொல்லிட்டாங்க. அதைப் பத்தி இங்க நிறைய எழுத விரும்பல. அதுக்கப்புறம் ஆறு மாசம் வேலை தேடும்போது "குறைஞ்ச சம்பளத்துக்குப் போகலாமா வேணாமா"ன்னு நான் பட்ட பாட்டைத்தான் எழுதுறேன், ஏன்னா அப்போ எனக்கு இதை உட்கார்ந்து கணக்குப் போட்டுக் காட்ட யாரும் இல்ல.

என் பழைய சிடிசி, அதாவது கம்பெனி எனக்காகச் செலவு பண்றதா கணக்குக் காட்டுற மொத்தத் தொகை, வருஷத்துக்கு 9 லட்சம். முதல் ஒரு மாசம் கன்சல்டன்சில இருந்து யார் போன் பண்ணாலும் மூணே கேள்விதான், கரண்ட் சிடிசி எவ்வளவு, எக்ஸ்பெக்டட் எவ்வளவு, எப்போ ஜாயின் பண்ணுவீங்க. நான் 11 லட்சம்னு சொன்னேன். வேலை மாறும்போது 20, 30 சதவீதம் ஏத்திக் கேக்குறதுதானே வழக்கம்னு நினைச்சேன், ஆனா அது கையில வேலை இருக்கிறவங்களுக்கான வழக்கம். "உடனே ஜாயின் பண்ணுவேன்"னு சொன்ன நிமிஷமே எதிர்ல இருக்கிறவங்களுக்கு நிலைமை புரிஞ்சிடுது. போன் வர்றது குறைஞ்சுது. ஏப்ரல்ல பயந்துபோய் அப்படியே தலைகீழா மாறி "எவ்வளவா இருந்தாலும் பரவாயில்ல சார்"னு சொல்ல ஆரம்பிச்சேன், அது அதைவிடப் பெரிய தப்பு. மே மாசம் வந்த முதல் ஆஃபர் 5.4 லட்சம். ஆறு நாள் வேலை, ரெண்டு வருஷம் விட்டுப் போக மாட்டேன்னு பாண்டு, ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை வேற அவங்ககிட்டயே குடுத்து வைக்கணுமாம்.

அன்னைக்கு ராத்திரி என் மனைவி வீட்டுக் கணக்கு நோட்டை எடுத்து வச்சாங்க. அவங்க ஒரு பிரைவேட் ஸ்கூல்ல டீச்சர், 13,000 சம்பளம். ரெண்டு பேரும் உட்கார்ந்து எங்க வீடு ஓட மாசம் எவ்வளவு வேணும்னு எழுதினோம். கூடுவாஞ்சேரி ஃப்ளாட்டுக்கு இஎம்ஐ 19,600. மளிகை, பால், கேஸ் எல்லாம் சேர்த்து 14,000. அம்மாவுக்கு சுகர், பிரஷர் மாத்திரை 2,800. இதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனா ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை வர்ற கரண்ட் பில், டெர்ம் ஃபீஸ், அரை வருஷத்துக்கு ஒரு தடவை கட்டுற வீட்டு வரி, வண்டி இன்சூரன்ஸ், தீபாவளி, ஊர்ல கல்யாணம் காதுகுத்துன்னா செய்யுற மொய், இதையெல்லாம் பன்னெண்டால வகுத்து மாசக் கணக்குல சேர்த்தப்புறம்தான் உண்மையான நம்பர் தெரிஞ்சுது. 60,000. அவங்க சம்பளம் போக நான் கொண்டு வர வேண்டியது 47,000. இதுக்குக் கீழ போனா மாசாமாசம் கடன்தான்.

5.4 லட்சம்னா கைக்கு வர்றது 40,500 சொச்சம். அப்போ வேணாம். அந்த முடிவை எடுக்க அஞ்சு நிமிஷம்கூட ஆகல. நம்பர் இல்லாம இருந்திருந்தா ஒரு வாரம் தூங்காம யோசிச்சிருப்பேன், கடைசில பயத்துல போய்ச் சேர்ந்தும் இருப்பேன்.

ஜூலையில அடுத்த ஆஃபர். வல்லம் வடகால்ல கொஞ்சம் சின்ன கம்பெனி, 7.2 லட்சம். சிடிசில பார்த்தா 20 சதவீதம் அடி. மாமனார் போன்ல "இத்தனை வருஷம் எக்ஸ்பீரியன்ஸ் வச்சிக்கிட்டு இவ்வளவு குறைச்சலாவா மாப்ள"ன்னு கேட்டாரு, எனக்கும் நெஞ்சுக்குள்ள அதே கேள்விதான். ஆனா பழைய கம்பெனி ஆஃபர் லெட்டரையும் இதையும் பக்கத்துல வச்சுப் பிரிச்சுப் பார்த்தப்போ கதை வேற.

பழைய 9 லட்சம்னா மாசம் 75,000. அதுல 7,500 வேரியபிள், அதாவது கூடக் குறைய வர்ற பகுதி, அது மாசாமாசம் வராது. கம்பெனி போடுற பிஎஃப் 3,600 (பேசிக் 30,000ல 12 சதவீதம்) அதுவும் சிடிசிக்குள்ளயேதான். கிராஜுவிட்டின்னு (அஞ்சு வருஷம் முடிச்சு வெளிய போகும்போது தர்ற பணிக்கொடை) பேசிக்ல 4.81 சதவீதம், 1,443. மெடிக்கல் இன்சூரன்ஸ் பிரீமியம் ஒரு 450. மிச்சத்துல என் பங்கு பிஎஃப் இன்னொரு 3,600, அப்புறம் தொழில் வரி. கைக்கு வந்தது 58,200.

புது 7.2 லட்சம்னா மாசம் 60,000. வேரியபிள் கிடையாது. பிஎஃப் முழு பேசிக்குக்கும் இல்லாம 15,000 ரூபா உச்சவரம்புக்குத்தான் போடுறாங்க, அதனால ரெண்டு பக்கமும் 1,800. கிராஜுவிட்டி 1,150 சொச்சம். கைக்கு 55,000. புது வரி முறையில 2025-26ல இருந்து சம்பளக்காரங்களுக்கு 12.75 லட்சம் வரைக்கும் டாக்ஸே இல்லங்கறதால அந்தப் பிரச்சினை ரெண்டுலயும் இல்ல. அதாவது சிடிசில மாசம் 15,000 குறைவு, கைக்கு 3,200தான் குறைவு! நான் அந்தப் பேப்பரை மூணு தடவை கூட்டிப் பார்த்தேன்.

ஆனா அதோட சந்தோஷப்பட்டு நிறுத்திட்டா அதுவும் ஏமாத்து. பழைய கம்பெனிக்கு பஸ் உண்டு, இங்க இல்ல. ஒரு நாளைக்கு பைக்ல 60 கிலோமீட்டர், பெட்ரோல் அப்போ 101 ரூபா, மாசம் 3,000 போயிடும். அப்போ உண்மையான குறைவு 6,200. பிஎஃப்ல ரெண்டு பங்கும் சேர்த்து மாசம் 7,200 சேர்ந்துட்டு இருந்தது 3,600 ஆகுது, அது எங்க வயசான காலத்துப் பணம். வேரியபிள்ல போன வருஷம் பாதிதான் குடுத்தாங்க, மாசத்துக்கு 3,750ன்னு வச்சுக்கிட்டேன். எல்லாம் சேர்த்தா 13,550. கிராஜுவிட்டி வேற. பழைய இடத்துல ஆறு வருஷம் முடிச்சதால 1,03,846 வாங்கினேன், இங்க மறுபடி முதல்ல இருந்து அஞ்சு வருஷம் எண்ணணும்.

இப்போ இன்னொரு பக்கம். இதை விட்டுட்டு 9 லட்சம் வேலை வர்ற வரைக்கும் இன்னும் மூணு மாசம் காத்திருந்தா? மூணு மாசத்துக்கு 55,000 வீதம் 1,65,000 போச்சு. அதை 13,550ஆல வகுத்தா 12 மாசம் சொச்சம். கைக்கு வர்றதை மட்டும் வச்சு 6,200ஆல வகுத்தா 27 மாசம். மூணு மாசத்துல 9 லட்சம் வேலை கண்டிப்பா கிடைச்சாக்கூட, காத்திருந்து விட்ட பணத்தைப் பிடிக்கவே ஒரு வருஷத்துக்கு மேல ஆகும். அதுவும் கிடைக்கும்னு என்ன உத்தரவாதம்? அந்த வகுத்தல் கணக்குதான் என்னைத் திருப்புச்சு. கையில ஒரு வருஷத்துக்குப் பணம் இருந்து இஎம்ஐயும் இல்லைன்னா வேற மாதிரி முடிவு பண்ணியிருக்கலாம், எனக்கு அப்படி இல்ல.

உடனே சரின்னு சொல்லல. பிளாண்ட் ஹெட் இன்டர்வியூலயே நேரா கேட்டாரு, "இவ்வளவு குறைச்சு வர்றீங்க, நல்லதா வந்தா போயிடுவீங்கதானே?" அவங்க பயமும் நியாயம்தான், ஆறு மாசத்துல ஆள் போயிட்டா அவங்களுக்கும் நஷ்டம். நான் வீட்டுக் கஷ்டத்தைச் சொல்லல. உங்க லைன்ல வர்ற கஸ்டமர் கம்ப்ளெயின்ட் எண்ணிக்கையைக் காட்டுங்க, ஆறு மாசத்துல எவ்வளவு குறைக்க முடியும்னு சொல்றேன், குறைஞ்சா என் சம்பளத்தை அப்போ திரும்பப் பாருங்கன்னு கேட்டேன். 7.8 கேட்டேன், தரல. ஆனா மூணு விஷயம் ஆஃபர் லெட்டர்லயே எழுதிக் குடுத்தாங்க: ஆறு மாசத்துல சம்பள ரிவ்யூ, டெபுடி மேனேஜர் டெசிக்னேஷன் (முதல்ல சீனியர் இன்ஜினியர்னு போட்டிருந்தாங்க), மாசத்துல ரெண்டு சனிக்கிழமை லீவு. வாயால சொன்ன எதையும் நான் கணக்குல எடுத்துக்கல. டெசிக்னேஷன் இறங்கிட்டா அடுத்த இடத்துல ஏத்துறது சம்பளத்தை ஏத்துறதைவிடக் கஷ்டம், எங்க ஃபீல்டுல இதை நான் நிறைய பேருக்குப் பார்த்திருக்கேன்.

ஒண்ணே ஒண்ணைத் தவறவிட்டேன், அது இன்னும் உறுத்துது. பழைய கம்பெனி குரூப் இன்சூரன்ஸ்ல அம்மாவும் இருந்தாங்க, வேலை போனதும் அதுவும் போச்சு. புது கம்பெனில மனைவி, பிள்ளைங்க மட்டும்தான், நான் ஜாயின் பண்ற அன்னைக்குத்தான் கேட்டேன். தனியா பாலிசி எடுத்தா ஏற்கனவே இருக்கிற நோய்க்கு மூணு வருஷம் வரைக்கும் காத்திருக்க வேண்டி வரலாம். ஆஃபர் பேசும்போதே பெத்தவங்களைச் சேர்க்க முடியுமா, நான் பிரீமியம் கட்டினா ஒத்துப்பீங்களான்னு கேட்டிருக்கணும். இப்போ அம்மாவுக்குன்னு மாசம் 2,000 தனியா போட்டு வைக்கிறோம்.

பழைய பிஎஃப்பை எடுக்கல. கை ரொம்பக் கடிச்ச மாசங்கள்லயும் தொடல. பழைய கம்பெனி டேட் ஆஃப் எக்சிட் (நான் வேலையை விட்ட தேதி) போடாம இழுத்ததால புது கம்பெனி கணக்குக்கு டிரான்ஸ்ஃபர் ஆக அக்டோபர் ஆயிடுச்சு. பழைய பே ஸ்லிப், ஃபார்ம் 16, ரிலீவிங் லெட்டர் எல்லாம் ஸ்கேன் பண்ணி வச்சிருக்கேன், அடுத்த தடவை யாராவது 7.2ஐ வச்சு மட்டும் என்னை எடை போட்டா காட்டுறதுக்கு.

ஆகஸ்ட்ல ஜாயின் பண்ணேன். இந்த பிப்ரவரில அவங்களா ரிவ்யூவைப் பத்திப் பேசல, நானே ஆஃபர் லெட்டர்ல இருந்த அந்த வரியைப் போட்டு, கம்ப்ளெயின்ட் குறைஞ்ச சார்ட்டையும் சேர்த்து மெயில் பண்ணேன். 5,000 கேட்டேன், 3,000 ஏத்தியிருக்காங்க. பெட்ரோல் காசு வந்துடுச்சுன்னு மனைவி நோட்டுல எழுதிக்கிட்டாங்க.