முதல் பேடல் கோர்ட்டைப் பிடித்த கதை

மூன்று வாரமாகப் பேடல் ஆடுகிறேன், மனசு முழுக்க அதுதான். டென்னிஸ் மாதிரி, ஆனால் கண்ணாடிச் சுவர் வைத்த சின்னக் கோர்ட்டில் ஆடுகிற ஆட்டம் இது. ஆனால் முதல் கோர்ட் கிடைப்பதற்குள் நிறைய அலைய வேண்டியிருந்தது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் மேப்பில் தேடுவதோடு நிறுத்தாமல், பக்கத்து டென்னிஸ் கிளப்புகளிலும் கேளுங்கள். எனக்குக் கோர்ட் கிடைத்தது அப்படித்தான்.

பேடல் பெரும்பாலும் நான்கு பேர் ஆட்டம். கோர்ட் 20 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். நான் ஆள் சேர்க்காமல் முதலில் கோர்ட்டை புக் செய்துவிட்டேன். கடைசி நேரத்தில் ஒருவர் வரவில்லை, மூன்று பேராக ஆடினோம். அதனால் முதலில் ஆள், அப்புறம் கோர்ட். ஆள் இல்லையா? பல புக்கிங் ஆப்களில் ஓப்பன் மேட்ச், அதாவது தெரியாதவர்களும் சேர்ந்து ஆடக்கூடிய ஆட்டம், இருக்கும். அதில் உங்கள் லெவலை உள்ளபடி 'பிகினர்' என்றே போடுங்கள். கூட ஆடுகிறவர்களுக்கும் அதுதான் நல்லது.

வாடகை முழுக் கோர்ட்டுக்கா, தலைக்கா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ராக்கெட் உடனே வாங்க வேண்டாம், வாடகைக்குக் கிடைத்தால் போதும். நரம்பே இல்லாத, ஓட்டை போட்ட தட்டையான மட்டை அது. அதன் பிடியில் இருக்கும் கயிற்றை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டுதான் ஆட வேண்டும்.

சர்வீஸ் பயமே வேண்டாம். பந்தைத் தரையில் ஒரு தட்டு, அது எழும்பி இடுப்புக்கு மேலே போவதற்குள் ஒரு அடி. நேற்று பின்பக்கக் கண்ணாடிச் சுவரில் பட்டுத் திரும்பிய பந்தை முதல் முறையாகப் பொறுமையாக நின்று எடுத்தேன். அந்த 'டொக்' சத்தம் இன்னும் காதிலேயே இருக்கிறது.

சனிக்கிழமைக்கு ஒரு ஆள் குறைகிறது. யார் வருகிறீர்கள்?