ஐயாவின் முகம் பன்னிரண்டு புள்ளி

எங்கள் தமிழ்ப்பள்ளியின் பவள விழா மலரை என் தலையில் கட்டியதற்கு ஒரே காரணம், நான் மலேசியாவில், பினாங்குத் தீவின் பாயான் லெப்பாசில் ஒரு தொழிற்சாலையில் கணினி முன்னால் உட்காருகிறேன் என்பதுதான். அச்சு வேலையில் என் அனுபவம் தம்பியின் கல்யாணப் பத்திரிகையோடு சரி. 160 பக்கம், 500 பிரதி, மூன்று மாதம். “போட்டோவெல்லாம் வாட்சப்ல அனுப்பிடுறோம் தங்கச்சி, கவலப்படாத” என்றார் செயலாளர். கவலை அங்கேதான் ஆரம்பித்தது. வாட்சப் சாதாரணமாகப் படத்தை நசுக்கித்தான் அனுப்பும். கைப்பேசியில் பளிச்சென்று தெரிவது, அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அச்சுக் கணக்குக்கு வந்தால் சில சமயம் தீப்பெட்டி அளவுக்குத்தான் தேறும்.

பிறை நகரில் ஒரு சீனக் குடும்பத்து அச்சகம். தவுக்கே, அதாவது முதலாளி, எதைக் கேட்டாலும் மலாயில் “போலே, போலே” (முடியும், முடியும்) என்பார். உண்மையில் முடியுமா என்று சொல்கிறவர் உள்ளே அச்சுத் தகடு எடுக்கும் பகுதியில் இருந்த அண்ணன். அறுபது தாண்டியவர். ஈய எழுத்துக் கோத்த காலத்திலேயே ஜார்ஜ்டவுனில் வேலைக்குச் சேர்ந்தவர். முதல் நாளே ஒரு தாளை மடித்துக் காட்டினார். ஏ2 தாளில் புறத்துக்கு எட்டுப் பக்கமாக இரண்டு புறமும் அடித்து மடித்தால் ஏ5 அளவில் 16 பக்கம். அதனால் 160 என்பது பத்து மடிப்பு. வண்ணப் படங்களை மலர் முழுக்கத் தூவாமல் ஒரே மடிப்பில் சேர்த்தால், அந்த ஒன்றுக்கு மட்டும் நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று நான்கு மைக்கும் தகடு. மீதி ஒன்பதுக்கும் கறுப்பு மட்டும். குழுவில் இதை விளக்க இரண்டு கூட்டம் ஆனது. தலைவருக்குத் தன் வாழ்த்துரைப் பக்கம் கலரில் வர வேண்டும். வந்தது, அந்த மடிப்பின் முதல் பக்கமாக.

தமிழ் எழுத்து கொடுத்த தொல்லையையும் சொல்ல வேண்டும். கட்டுரைகள் பாதி பழைய எழுத்துருவில், பாதி யூனிகோடில். எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றிப் பக்கத்தில் கொட்டினேன். ‘கேள்வி’ என்ற சொல்லில் க முன்னால் நிற்கிறது. இரட்டைக் கொம்பு ஒரு புள்ளி வட்டத்தைக் கட்டிக்கொண்டு அதற்குப் பின்னால் நிற்கிறது. யூனிகோடில் மெய்தான் முதலில், கொம்பு அடுத்து. அதைத் தூக்கி முன்னால் வைப்பது காட்டும் மென்பொருளின் வேலை. என் பக்க வடிவமைப்பு மென்பொருளில் ஆங்கிலத்துக்கான வரி அடுக்கும் முறை ஓடிக்கொண்டிருந்தது. அமைப்பில் இந்திய மொழிகளுக்கான முறைக்கு மாற்றியதும் கொம்பெல்லாம் வீடு திரும்பின. இரண்டு வாரம் அழுதது ஒரு சொடுக்கில் முடிந்தது. யாராவது முன்பே சொல்லியிருக்கலாம்.

உண்மையான சிக்கல் 43ஆம் பக்கம். எங்கள் பழைய தலைமையாசிரியர் ஐயாவும் ஆசிரியர்களும் நிற்கும் படம், 1961இல் வந்த மலரில் மட்டும் இருக்கிறது. அசல் புகைப்படம் யாரிடமும் இல்லை. அதை வருடியில் (ஸ்கேனர்) எடுத்து, பக்கத்தில் பொருத்தி, சோதனைத் தாள் வாங்கிப் பார்த்தால் ஐயாவின் வெள்ளை ஜிப்பா முழுக்கக் கட்டம் கட்டமாக ஏதோ ஓடுகிறது. “ஐயாவுக்கு யாரு கைலித் துணியில சட்ட தச்சது?” என்றார் அண்ணன்.

லூப் என்கிற சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துப் பழைய மலரின் மேல் வைத்து என்னைக் குனியச் சொன்னார். படம் மறைந்துவிட்டது. புள்ளிகள் மட்டும். நிழலில் பெரிய புள்ளி, வெளிச்சத்தில் சின்னப் புள்ளி, எல்லாம் ஒரே கறுப்பு. அச்சுக்குச் சாம்பல் நிறம் என்று ஒன்று கிடையாது. மை இருக்கும், இல்லாவிட்டால் வெறும் தாள். நடுவில் இருக்கும் நிழலெல்லாம் நம் கண் சேர்த்துக்கொள்வது. நியூயார்க்கின் டெய்லி கிராஃபிக் 1880 மார்ச் 4 அன்று ஒரு குடிசைப் பகுதியின் புகைப்படத்தை ஸ்டீபன் ஹோர்கனின் முறையில் அச்சிட்டதும், 1882இல் மியூனிக்கின் ஜார்ஜ் மைசன்பாக் காப்புரிமை வாங்கியதும் இந்த ஏமாற்று வித்தைக்குத்தான். பிறகு ஃபிலடெல்ஃபியாவின் லெவி சகோதரர்கள் கண்ணாடியில் கோடு கீறி, இரண்டை ஒட்டி வலைத் திரை செய்தார்கள். கேமராவில் அந்தத் திரை வழியாகப் படம் பிடித்து, துத்தநாகத்தில் அரித்து எடுத்ததைத்தான் நம் அச்சகங்களில் ‘பிளாக்’ என்றார்கள். எங்கள் 1961 மலரும் பிளாக் படம்தான்.

“இப்ப இந்தக் கொசுவலய பாரு” என்று ஒரு துண்டு வலையை இன்னொன்றின் மேல் போட்டுக் கொஞ்சம் திருப்பினார். இரண்டிலும் இல்லாத பெரிய கட்டம் ஒன்று நடுவில் ஓடியது. பழைய படத்தில் அங்குலத்துக்கு ஏறக்குறைய 100 வரிப் புள்ளி. இவர்களுடைய இயந்திரம் அதன் மேல் தன் 150 வரிப் புள்ளியைப் போடுகிறது. வலை மேல் வலை. வண்ண அச்சில் நான்கு வலை ஒன்றின் மேல் ஒன்று விழத்தான் வேண்டும். அதற்காகவே நீலத்தை 15 பாகை, கறுப்பை 45, சிவப்பை 75 என்று முப்பது முப்பதாகத் தள்ளிச் சாய்த்து வைக்கிறார்கள். கண்ணுக்கு அதிகம் தெரியாத மஞ்சளுக்கு மட்டும் மிச்ச இடம், சுழியம். பழைய மலரின் புள்ளி அந்தக் கணக்குக்குள் வராத விருந்தாளி.

இதற்குள் தலைவரின் மருமகன் களத்தில் இறங்கிவிட்டார். செயற்கை நுண்ணறிவுச் செயலியில் போட்டு ஒரே இரவில் படத்தைத் ‘துடைத்து’ அனுப்பினார். கட்டம் இல்லை, புள்ளி இல்லை. கண்ணில் ஒளி, தோலில் மினுமினுப்பு. குழுவே கைதட்டியது. 1960களில் படித்த அக்கா ஒருவர் மட்டும் கைப்பேசியைத் தள்ளிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். “இது யாரு?”

ஐயா பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

“அவரு சிரிச்சு நான் பாத்ததே இல்லம்மா” என்றார் அக்கா.

மறுநாள் லூப்பை வைத்து எண்ணினேன். படத்தில் ஐயாவின் முகம் மூன்று மில்லிமீட்டர் அகலம். குறுக்கே பன்னிரண்டு புள்ளி. ஒரு கண்ணுக்கு இரண்டு, மூன்று தேறலாம். செயலி எத்தனையோ ஆயிரம் முகம் பார்த்துப் பழகியது; இந்தப் பன்னிரண்டுக்கு நடுவில் எவருடைய பல்லையோ கொண்டுவந்து வைத்துவிட்டது. பழுதுபார்த்தல் என்று அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அண்ணனிடம் வேறு வழி இருந்தது. புதிய புள்ளி போடவே வேண்டாம், பழைய புள்ளியை அப்படியே பெயர்த்து எடுப்போம் என்றார். வருடியில் அங்குலத்துக்கு 2400 புள்ளி, சாம்பல் இல்லாமல், கறுப்பு அல்லது வெள்ளை மட்டும். அவர்கள் தகடு எடுக்கும் இயந்திரமும் அதே 2400. மற்ற படங்களுக்கு அது ஒவ்வொரு அச்சுப் புள்ளிக்கும் 16க்கு 16 கட்டத்தை நிரப்பி 256 படி நிழல் காட்டும். இந்தப் படத்தை மட்டும் எழுத்து மாதிரி, கோட்டுச் சித்திரம் மாதிரி நினைத்துக்கொள்ளும். எந்த இடத்தில் கறுப்பு, எந்த இடத்தில் வெள்ளை என்று வெட்டும் அளவைப் பிடிப்பதில்தான் ஒரு மாலை போனது. ஒரு பக்கம் தள்ளினால் ஜிப்பாவின் சின்னப் புள்ளிகள் காணாமல் போகின்றன. மறுபக்கம் தள்ளினால் ஆசிரியர்களின் கோட் நிழலில் புள்ளிகள் ஒட்டிக்கொண்டு தார் ஊற்றியது போல் ஆகிறது. நான்காவது முயற்சியில் அண்ணன் தலையசைத்தார். பழுப்பேறிய தாளின் கறைகளும் புள்ளியாக விழுந்திருந்தன. அவற்றை ஒவ்வொன்றாக நானே அழித்தேன், வீட்டில், மூன்று இரவு.

இதில் ஒரு கட்டாயம் உண்டு. படம் பழைய அளவிலேயே வர வேண்டும், 11 சென்டிமீட்டர். இரண்டு மடங்கு பெரிதாக்கினால் 100 வரி 50 வரியாகிவிடும். முகம் போய் புள்ளிதான் தெரியும். “முழுப் பக்கம் போடலாமே” என்று செயலாளர் கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். போடவில்லை. நானும் யோக்கியமில்லை: கீழே பெயர்ப் பட்டியல் இடிக்கிறது என்று படத்தை 98 விழுக்காட்டுக்குச் சத்தமில்லாமல் சுருக்கியிருந்தேன். அண்ணன் எப்படியோ கண்டுபிடித்து, ஒன்றும் பேசாமல் 100 ஆக்கிப் பெயர்களைச் சின்ன எழுத்தில் போட்டார்.

மற்றது வேகமாக நடந்தது. வண்ண மடிப்பில் என் எழுத்துகள் வெறும் கறுப்பாக இல்லாமல் நான்கு மையும் கலந்த கறுப்பாக இருந்தன. மயிரிழை தகடு விலகினாலும் ‘ண’வின் சுழிக்குள் சிவப்பு கசியும் என்று திருப்பி அனுப்பினார்கள், திருத்தினேன். அச்சடிக்கும் நாளில் இயந்திரத்தின் அருகில் நின்றேன். தகடு தாளைத் தொடுவதே இல்லை. ரப்பர் போர்வை சுற்றிய உருளையில் படத்தை விட, உருளைதான் தாளில் ஒற்றுகிறது. 1904இல் நியூ ஜெர்சியில் ஐரா ரூபெல் என்பவரின் இயந்திரத்தில் தாள் போகாமல் மை ரப்பரில் பதிந்து, அடுத்த தாளின் முதுகில் முகத்தைவிடத் தெளிவாக விழுந்ததாம். அப்படிப் பிறந்த ஆஃப்செட் இது. 43ஆம் பக்கம் இருந்த தாள் வந்ததும் அண்ணன் உருவி என்னிடம் நீட்டினார். ஜிப்பா வெள்ளையாக இருந்தது. வாய் இறுக்கி மூடியிருந்தது.

கடைசிப் பக்கத்தில் அச்சகத்தின் பெயர், முகவரி, வெளியிடுவோர் பெயர், முகவரி மறக்காதீர்கள். மலேசியாவின் 1984ஆம் ஆண்டு அச்சகச் சட்டம் கேட்கிறது. ஒரு மாதத்துக்குள் ஐந்து பிரதி தேசிய நூலகத்துக்கும் போக வேண்டும். விழா அன்று மாலைக்குள் தலைவர் அத்தனையையும் விநியோகித்துவிட்டார். நூலகத்துக்கென்று ஒதுக்கிய கட்டில் நான்குதான் மிஞ்சின. ஐந்தாவதை அவர் மருமகன் வீட்டில் போய்த் திரும்ப வாங்கிவந்தேன்.