இடுப்பு மூட்டு ஒப்பரேஷனுக்குப் பிறகு: ஆறாம் கிழமையின் மன எரிச்சல்

முதல் இரண்டு கிழமை முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியும். பிறகு அப்படியே நின்றுவிட்டது போலிருக்கும். நிற்கவில்லை. வெட்டிய தசை பலம் பெற மாதக்கணக்காகும், கால் வீக்கம் மூன்று மாதம் தாண்டியும் பின்னேரத்தில் வரலாம்.

மட்டக்களப்புப் பக்கம் பெரிய சிக்கல் மணல் முற்றம். வோக்கரின் கால் புதையும், இடுப்பு ஒரு பக்கம் சரியும். படியிலிருந்து கேற் வரை பலகை போடுங்கள், அல்லது விறாந்தையிலேயே நடங்கள்: ஐந்து நிமிடம், நாளுக்கு நாலு தரம். ஒரேயடியாக அரை மணி நடந்தால் அடுத்த நாள் படுக்கைதான். இரவு நோ கூடினால் மறுநாள் பாதியாகக் குறையுங்கள், முற்றாக நிறுத்த வேண்டாம்.

ஊன்றுகோல் நல்ல கால் பக்கக் கையில். பலர் மாறிப் பிடிக்கிறார்கள். படி ஏற நல்ல கால் முன்னே, இறங்க நோக்கால் முன்னே.

மூட்டு மாற்றியவர்களுக்கு, வைத்தியர் விடும்வரை பாய், பலகைக்கட்டை, குந்தும் மலசலகூடம் மூன்றும் வேண்டாம். இருக்கும்போது முழங்கால் இடுப்பைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். தொழுகையும் கதிரையில்தான். ஓட்டோவில் முதலில் பின்பக்கமாக உட்கார்ந்து, பிறகு காலை உள்ளே எடுங்கள்.

கெண்டைக்கால் இறுகி நொந்தால், மூச்சு வாங்கினால், காயத்தில் நீர் கசிந்தால் கிளினிக் திகதி வரை காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.