தறிக்கொட்டகையில் ஓவியங்கள்: குடியாத்தம் நாட்குறிப்பு

ஜனவரி 24, சனி

காட்பாடியில் பஸ் பிடித்துக் குடியாத்தம் வந்து சேர்ந்தபோது மாலையாகிவிட்டது. கைலி நெய்யும் தெருவுக்குள் ஓட்டுக் கூரை போட்ட பழைய தறிக்கொட்டகை. பெயர்ப் பலகை இல்லை. பூட்டிக் கிடந்த இடத்தை ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர் ஒருவரும் அவரிடம் படித்தவர்களும் வாடகைக்கு எடுத்து, தங்கள் படங்களை மாட்டியிருக்கிறார்கள். வாடகையை ஆளுக்குக் கொஞ்சமாகப் போட்டுக் கட்டுகிறார்கள்.

தறிக்குழிகளை மூடாமல் விட்டிருப்பதுதான் எனக்கு முதலில் பிடித்தது. ஒரு குழிக்கு எதிரே மட்டும் படத்தைத் தாழ்வாக மாட்டியிருக்கிறார்கள். நின்று பார்த்தால் சிவப்பும் நீலமுமாகக் கைலிக் கட்டங்கள், அவ்வளவுதான். குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தேன். கட்டங்களுக்கு நடுவே பெண்ணின் விரல்கள் தெரிந்தன, அறுந்த இழையை முடிந்துகொண்டு. கட்டைவிரல் நகத்தில் சாயம் ஏறியிருக்கிறது. வரைந்தவர் பக்கத்துத் தெருப் பெண். அம்மா நெசவாளி.

அந்த நேரத்தில் பாவு சுற்றும் பெரியவர் ஒருவர் உள்ளே வந்தார். படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "முடிச்சை இப்படிப் போட்டால் நிற்காது, பாப்பா" என்றார். அந்தப் பெண் உடனே நோட்டை எடுத்து அவர் விரலைப் பார்த்து வரைந்துகொண்டாள். நகரத்துக் கண்காட்சி எதிலும் இப்படி ஒரு விமர்சனத்தை நான் கேட்டதில்லை.

ஜனவரி 25, ஞாயிறு

இன்று முழுக்கப் போர்டு எழுதும் அண்ணனோடு இருந்தேன். ஃப்ளெக்ஸ் வந்தபின் கடைப் பலகை எழுதும் தொழில் படுத்துவிட்டது. இங்கே எல்லோருக்கும் துணி தயார் செய்து கொடுப்பவர் அவர்தான். புளியங்கொட்டையை ஊறவைத்து அரைத்துக் காய்ச்சிய பசையில் சுண்ணப் பொடியைக் குழைத்து, பருத்தித் துணியில் மெல்லப் பூசுகிறார். காய்ந்ததும் கூழாங்கல்லால் தேய்க்கிறார். கடையில் விற்கும் கேன்வாஸ் வாங்க இங்கே பலருக்கும் வசதியில்லை. ஆனால் இந்தத் துணியில் நிறம் உட்காரும் விதத்தைப் பார்த்தபின், வசதி இருந்தாலும் இதையே வாங்கலாம் என்று தோன்றியது.

மதியம் ஆசிரியர் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைப் பற்றிப் பேசினார். 1966இல் கே.சி.எஸ். பணிக்கரும் மற்ற ஓவியர்களும் சென்னைக்குத் தெற்கே கடலோரத்தில் அந்தக் கிராமத்தை உருவாக்கினார்கள். பாத்திக் துணி முதலான கைவினைப் பொருள்களை விற்றுத் திரட்டிய பணம் அதற்குக் கைகொடுத்தது. "பிழைப்புக்கு ஒரு கைத்தொழில், அதன் பக்கத்திலேயே ஓவியம். நாங்கள் எடுத்துக்கொண்டது அதைத்தான்" என்றார். ஒரு மூலையில் கரிகிரி மண்பாண்டங்கள் விற்பனைக்கு இருக்கின்றன. வாடகையில் ஒரு பங்கு அதிலிருந்து வருகிறது.

பிப்ரவரி 1, ஞாயிறு

கொட்டகையில் காரசாரமான விவாதம். அடுத்த காட்சிக்குப் படுகளத் துரியோதனனை இங்கேயே மண்ணில் செய்ய வேண்டும் என்று இளைஞர்கள் சொன்னார்கள். வடார்க்காட்டுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. திரௌபதி அம்மன் திருவிழாவில் பாரதம் முடியும் நாளில், திடல் நிறைய மல்லாந்து கிடக்கும் அந்த மண் உருவமும், பீமன் வேடக்காரர் அதன் தொடையில் அடிப்பதும் எல்லோரும் பார்த்து வளர்ந்தவை. அத்தனை பெரிய சிற்பத்தை ஒரே நாளில் வனைந்து அன்றைக்கே அழித்துவிடுகிறார்கள்.

கிரீடமும் புஜக்கீர்த்தியும் செய்து தரும் கூத்து வாத்தியார் அதுவரை கண்ணாடித் துண்டு ஒட்டிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கி, "காப்புக் கட்டாத இடத்தில் அவனைப் படுக்க வைக்காதீர்கள்" என்றார். ஒருவன், இது கலைதானே ஐயா என்றான். "கலைதான். அந்த மண்ணைப் பிரசாதமாக வீட்டுக்கு எடுத்துப் போகிற ஊர் உண்டு. இங்கே செய்தால் அதை எங்கே கொட்டுவாய்?" என்று கேட்டார். யாரிடமும் பதில் இல்லை.

நானும் வாத்தியார் பக்கம்தான். இந்தக் கூடத்தின் பலமே வாசல் திறந்திருப்பதுதான். வாசல் வழியாக உள்ளே வர முடியாதவை இருந்தால் நாம்தான் வெளியே போக வேண்டும். நீண்ட பேச்சுக்குப் பின் அப்படியே முடிவாயிற்று. வாத்தியார் கூத்தாடும் ஊர் ஒன்றில் உருவம் வனைபவருக்கு வயதாகிவிட்டது, மண் சுமக்க ஆள் போதவில்லையாம். கோடையில் அங்கே திருவிழா. மண்வெட்டியோடு எல்லோரும் போகிறார்கள். நானும் பெயர் கொடுத்துவிட்டேன்.