ஒரே இக்னிஷன் காயில், இரண்டு தீப்பொறிகள்

காரின் பழைய ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினால் உடனே தூக்கிப் போட்டுவிடாதீர்கள். முனைகளை உற்றுப் பாருங்கள். ஒரு இக்னிஷன் காயிலை (பொறிக்கு வேண்டிய உயர் வோல்டேஜைத் தரும் கம்பிச்சுருள்) இரண்டு பிளக்குகள் பகிர்ந்துகொள்ளும் எஞ்சின் என்றால், ஒன்றில் நடுமுனை அதிகம் தேய்ந்திருக்கும். அதன் ஜோடியில் பக்கமுனை!

காயிலின் முதல் சுருளில் 12 வோல்ட் மின்சாரம் ஓடிக் காந்தப்புலத்தை உருவாக்குகிறது. அதைச் சட்டென்று துண்டித்ததும் புலம் சரிந்து, இரண்டாம் சுருளில் பல்லாயிரம் வோல்ட் பிறக்கிறது. நிறுத்தும் கணத்தில்தான் பொறி வருகிறது என்பது எனக்கு இன்றும் வியப்பு. நான்கு சிலிண்டர் எஞ்சினில் அந்தச் சுருளின் இரு முனைகளும் பெரும்பாலும் 1, 4 சிலிண்டர்களுக்குப் போகின்றன. மின்சாரம் ஒரு பிளக்கில் ஒரு திசையில் தாண்டி, எஞ்சின் உலோகம் வழியாக ஓடி, மற்றதில் எதிர்த்திசையில் தாண்டித் திரும்புகிறது. தேய்மானம் மாறுவது அதனால்தான்.

ஜோடியில் ஒரு சிலிண்டர் அப்போது புகையை வெளியேற்றிக்கொண்டிருக்கும். அங்கே விழும் பொறி வீண். ஆனால் அழுத்தம் குறைவு என்பதால் அது தின்னும் வோல்டேஜும் சொற்பமே.

சிலிண்டருக்கு ஒரு காயில் உள்ள எஞ்சின்களில் இந்தப் பிரச்சினை இல்லை. ஜோடி அமைப்புக்குத் தேய்மானம் தாங்கும் பிளாட்டினம் பிளக் வாங்கினால், நடுமுனை, பக்கமுனை இரண்டிலும் பிளாட்டினம் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள்.